காட்டுக்குப் பசளை போடுவது யார்?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்த நாட்களில் கொழும்பில் எங்கே போனாலும் ஒரு வாதம் காதில் விழுந்தது. “காட்டுக்கு ஆர் பசளை போடினம்? அது வளரேல்லையோ?” வெள்ளவத்தை மரக்கறிக் கடைகளிலும் கேட்டது, தொலைக்காட்சி விவாதங்களில் கனமான சொற்களிலும் கேட்டது. சேதன விவசாயத்தை ஆதரித்தவர்கள் இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல இந்தக் கேள்வியை வைத்தார்கள். எதிர்த்தவர்களில் பலர் பதில் சொல்லாமல் டொலர் தட்டுப்பாடு, அரசியல் என்று வேறு பக்கம் போய்விட்டார்கள்.

எனக்கு அது நல்ல கேள்வியாகவே படுகிறது. அதற்குப் பதில் தேடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். காடுகளின் போசணைச் சுழற்சியை ஆராயும் சூழலியலாளர்கள் அவர்கள். ஒரு காட்டுக்குள் எவ்வளவு நைதரசன் இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு சருகாகக் கீழே விழுகிறது, மழையோடு எவ்வளவு வருகிறது, ஓடையோடு எவ்வளவு வெளியேறுகிறது என்று பல ஆண்டுகள் அளந்துகொண்டே இருப்பதுதான் அவர்களின் வேலை. புலியையோ யானையையோ படம் பிடிக்கும் வேலை இல்லை என்பதால் இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் 2021இல் நமக்கு மிகவும் தேவைப்பட்ட அறிவு இவர்களிடம்தான் இருந்தது.

முதலில் அடிப்படை. மரத்தின் உடலில் பெரும்பகுதி காபன், ஒட்சிசன், ஐதரசன். இவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருகின்றன, தட்டுப்பாடு கிடையாது. எஞ்சிய சிறு பங்கில்தான் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம், மக்னீசியம் எல்லாம் இருக்கின்றன. அளவு கொஞ்சம்தான், ஆனால் இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை எவ்வளவு இருந்தும் பயனில்லை. நைதரசன் காற்றில் 78 சதவீதம் இருக்கிறது, ஆனால் அந்த வடிவத்தில் எந்த மரமும் அதைத் தொட முடியாது. சில பற்றீரியாக்களால் மட்டுமே அதைப் பிடித்து உணவாக மாற்ற முடியும். அவற்றில் ஒரு வகைதான் பயறு, அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர் முண்டுகளில் குடியிருப்பது. பொசுபரசின் நிலை இன்னும் கடினம். அது காற்றில் வாயுவாக இருப்பதே இல்லை. பாறை கரைந்தால் கிடைக்கும், தூசியோடு வந்தால் கிடைக்கும், அவ்வளவுதான்.

இப்போது சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போவோம். கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரம். ஆண்டுக்கு 3,600 மில்லிமீற்றருக்குக் குறையாத மழை, சில இடங்களில் 5,000 வரை. வானத்தை மறைக்கும் ஹொர, துன், நாகமரங்கள். இதைப் பார்க்கும் எவருக்கும் மண் கொழுத்துக் கிடக்கிறது என்றுதான் தோன்றும். மண்ணைச் சோதித்தால் வேறு கதை. சிவப்பு மஞ்சள் நிற, அமிலத்தன்மை கூடிய, காலகாலமாக மழையால் கழுவப்பட்ட மண் அது. தாவரங்களுக்குக் கிடைக்கும் பொசுபரசு மிகக் குறைவு. அதாவது நாட்டின் மிகச் செழிப்பான காடு, வளம் குறைந்த மண்ணில் நிற்கிறது.

இந்த ஏமாற்றம் பழையது. மலைநாட்டுக் காடுகளை வெட்டி எரித்துக் கோப்பி நட்ட வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாருக்கும் காட்டின் பசுமை மண்ணின் வளமாகவே தெரிந்தது. சாம்பலின் பலத்தில் முதல் சில ஆண்டுகள் கோப்பி நன்றாகக் காய்த்தது. பிறகு சரிவுகளில் மேல்மண் மழையோடு போனது, எலும்புத் தூளும் மாட்டெருவும் தேவைப்பட்டன. 1869இல் வந்த இலைத்துரு நோய்தான் கோப்பியை அழித்தது என்று பள்ளியில் படித்தோம், அது சரிதான். ஆனால் அந்த நோய் வரும்போதே பல தோட்டங்களின் மண் களைத்துப் போயிருந்தது. அந்தத் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்று தேயிலைக்குப் பசளை வீசுகிறார்கள். அந்தத் தொடர்புக்குப் பிறகு வருகிறேன்.

மண்ணில் வளம் இல்லை என்றால் காடு எதை உண்டு வாழ்கிறது?

ஓர் இலையைப் பின்தொடர்ந்து பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். பச்சை இலைக்குள் நைதரசன் நிறைய இருக்கிறது, ஒளிச்சேர்க்கை செய்யும் புரதங்கள் அதனால் ஆனவை. இலை முதிர்ந்து உதிரும் காலம் நெருங்கும்போது மரம் அந்தப் புரதங்களை உடைத்து, நைதரசனையும் பொசுபரசையும் கிளைக்குள் திருப்பி இழுத்துக்கொள்கிறது. இலை மஞ்சளாவது இந்த வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். பொதுவாகப் பாதிக்கும் மேலான பங்கு இப்படி மீட்கப்படுகிறது. நாம் பழுத்தல் என்று சொல்வது மரத்தின் கண்ணால் பார்த்தால் ஒரு மீட்பு நடவடிக்கை. கல்சியத்தை இப்படி மீட்க முடியாது, அது இலையோடேயே விழுந்துவிடும்.

விழுந்த சருகு காட்டின் தரையில் உக்கத் தொடங்குகிறது. கறையான், மண்புழு, மரவட்டை எல்லாம் கடித்துத் துண்டாக்குகின்றன. பங்கசும் பற்றீரியாவும் மிச்சத்தைக் கரைக்கின்றன. இங்கே விவசாயிகள் அறியவேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் நைதரசன் வேண்டும். சருகில் காபன் மிகுந்து நைதரசன் குறைந்திருந்தால், அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து நைதரசனை எடுத்துத் தங்கள் உடலுக்குள் பூட்டிவைத்துக்கொள்ளும். நைதரசனைப்போல 25, 30 மடங்குக்கு மேல் காபன் இருந்தால் இந்தப் பூட்டல் நடக்கும் என்பது பொதுவான கணக்கு. விதைப்புக்குச் சற்று முன்பு வைக்கோலை வயலில் புதைத்தால் நாற்று மஞ்சளடிப்பது இதனால்தான். பூவரசங்குழையோ சீமைக்கிளுவையோ தாழ்த்தினால் அப்படி ஆவதில்லை, அந்த இலைகளில் நைதரசன் கூட, விரைவில் உக்கிக் கொடுத்துவிடும். சேதனப் பசளை என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. 2021இல் அதைப் பொதுமேடையில் விளக்கியவர்கள் மிகச் சிலரே.

உக்கியதிலிருந்து வெளிவரும் போசணை மண்ணின் ஆழத்துக்குப் போய்ச் சேருவதற்குள் வேர்கள் பிடித்துவிடுகின்றன. மழைக்காடுகளில் நுண்வேர்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே, சருகுக்குள்ளேயே பின்னிப் படர்ந்திருக்கும். வேரோடு வேராகப் பங்கசு இழைகள். மரம் சர்க்கரை கொடுக்கிறது, பங்கசு பொசுபரசும் நைதரசனும் கொண்டுவந்து கொடுக்கிறது. சிங்கராஜவின் ஹொர, துன் குடும்பத்து மரங்களுக்கு வேர்நுனியைச் சுற்றி உறைபோலப் போர்த்திக்கொள்ளும் வகைப் பங்கசுகள் துணை. இந்தப் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதை 1970களில் வெனிசுவேலாவின் ரியோ நீக்ரோ பகுதிக் காட்டில் சோதித்துப் பார்த்தார்கள். கதிரியக்க அடையாளம் இட்ட கல்சியத்தையும் பொசுபரசையும் வேர்ப்பாயின் மீது தெளித்தார்கள். அதைத் தாண்டிக் கீழே கசிந்தது 0.1 சதவீதம் மட்டுமே. அதுவும் உலகின் மிக ஏழை மண்களில் ஒன்றின் மேல்.

காடு வளமாக இருப்பதன் இரகசியம் சேமிப்பில் இருக்கிறது. மண்ணில் இல்லாத செல்வம் மரங்களிலும் சருகிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதில் மிகச் சிறு பங்குதான் வெளியே போகிறது. வருவது குறைவு, போவது அதைவிடக் குறைவு. காட்டுக்குப் பசளை தேவைப்படாததற்குக் காரணம் இதுதான்: அங்கே யாரும் அறுவடை செய்து லொறியில் ஏற்றுவதில்லை.

இதைச் சொல்வது எளிது, நிரூபிப்பது எளிதல்ல. ஆராய்ச்சியாளர்கள் காட்டுக்குள் கம்புகளில் வலையைக் கட்டி, தரைக்குமேல் தொங்கவிட்டு, அதில் விழும் சருகைச் சில நாட்களுக்கு ஒருமுறை சேர்க்கிறார்கள். இலை, சுள்ளி, பூ, காய் என்று பிரித்து, அடுப்பில் உலர்த்தி, நிறுத்து, அரைத்து, ஆய்வுகூடத்தில் சோதிக்கிறார்கள். சருகு எவ்வளவு வேகத்தில் உக்குகிறது என்று பார்க்க, நிறுத்த சருகை வலைப்பைகளில் தைத்துத் தரையில் விட்டு, குறித்த இடைவெளிகளில் சில பைகளை எடுத்து மீண்டும் நிறுக்கிறார்கள். வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் பூச்சி உள்ளே போகாது. அப்போது பூச்சியின் பங்கு எவ்வளவு, பங்கசின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியலாம். அட்டைக்கடியோடு இதை ஆண்டுக்கணக்கில் செய்யவேண்டும். ஒரு மழைக்காலத் தரவை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

வெளியேறுவதை அளப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹபார்ட் புரூக் என்ற ஆய்வுக் காட்டில் வேலை செய்த ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் ஆகியோரும் அவர்களின் சகாக்களும். 1963இல் தொடங்கினார்கள். அந்த மலைச்சரிவின் அடிப்பாறை நீரை உள்ளே விடாது. எனவே சரிவில் விழும் மழைநீரில் ஆவியாகிப் போவது தவிர மற்றதெல்லாம் கீழே ஒரே ஓடையாகத்தான் வெளியே வரவேண்டும். ஓடையின் வாயில் ஒரு சிற்றணை கட்டி நீரின் அளவையும் அதில் கரைந்திருப்பதையும் அளந்தால், முழுச் சரிவின் செலவுக் கணக்கும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். மழைநீரைச் சோதித்தால் வரவு. இவ்வளவு எளிய யோசனை சூழலியலையே மாற்றியது.

பிறகு அவர்கள் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். 1965 கடைசியில், சுமார் 15 ஹெக்டேயர் நீரேந்துப் பகுதி ஒன்றில் எல்லா மரங்களையும் வெட்டி, ஒன்றையும் வெளியே எடுக்காமல் அங்கேயே விட்டார்கள். மீண்டும் எதுவும் முளைக்காதபடி மூன்று கோடைகள் களைகொல்லி தெளித்தார்கள். ஓடையில் நைத்திரேற்றின், அதாவது நீரில் கரையும் நைதரசன் வடிவத்தின், செறிவு முதல் ஆண்டில் 41 மடங்கும் இரண்டாம் ஆண்டில் 56 மடங்கும் கூடியது. குடிநீருக்கான எல்லையைத் தாண்டியது, தெளிந்த மலை ஓடையில் பாசி பூத்தது. கல்சியமும் பொற்றாசியமும் கூடவே கழுவிப் போயின. காரணம் இதுதான். உக்குதல் தொடர்ந்து நடக்கிறது, நைதரசன் வெளிவந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அதைப் பிடிக்க உயிருள்ள வேர் இல்லை. மண்ணின் பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் களிமண்ணில் ஒட்டியிருந்த கல்சியத்தை உதைத்துத் தள்ளுகிறது. மண்ணை மண்ணாக வைத்திருப்பது உயிருள்ள தாவரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய பரிசோதனை எனக்குத் தெரியாது.

அதே இடத்தின் மழைநீர்க் கணக்கிலிருந்துதான் வட அமெரிக்காவில் அமில மழை பற்றிய அறிவும் வந்தது. ஆலைப் புகையிலிருந்து வந்த அமிலம் காட்டு மண்ணின் கல்சியத்தைப் பல பத்தாண்டுகளாகக் கரைத்துக் கொண்டுபோயிருந்தது. 1999இல் ஒரு நீரேந்துப் பகுதிக்கு ஹெலிகொப்டரில் கல்சியக் கனிமத்தைத் தூவிப் பார்த்தார்கள், மரங்கள் தேறின. சத்து வெளியேறும் வழி ஒன்று திறந்தால் காட்டுக்கும் பசளை தேவைப்படும் என்பதற்கு இது சான்று.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த நீரேந்துப் பகுதிக் கதை தூரத்து விஷயம் இல்லை. நம் குழாய்த் தண்ணீரின் ஒரு பங்கு லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. லபுகம 1880களில் கட்டப்பட்டது, களட்டுவாவ 1950களில். இரண்டையும் சுற்றிக் காடு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அம்பத்தலையில் களனி கங்கையின் நீரைச் சுத்திகரிக்க ஆகும் பாட்டையும் அங்கே ஆகும் பாட்டையும் ஒப்பிட்டால் அந்தக் காட்டின் பெறுமதி புரியும். அங்குள்ள வேர்கள் நமக்காக இரவும் பகலும் நைத்திரேற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

சரி, காடு இவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் கொஞ்சம் கசியத்தானே செய்யும். அதை ஈடுசெய்வது எது? பீற்றர் விற்றூசெக் என்ற சூழலியலாளரும் அவருடைய குழுவினரும் ஹவாயில் இதைப் பார்த்தார்கள். அங்கே ஒரே வகை எரிமலைப் பாறை, ஒரே வகை மரம், ஆனால் நிலத்தின் வயது மட்டும் தீவுக்குத் தீவு வேறு. சில நூறு ஆண்டுகளிலிருந்து 40 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் வரை. இளம் மண்ணில் மரங்களுக்குத் தட்டுப்பாடு நைதரசன், ஏனென்றால் பாறையில் அது இல்லை. மிகப் பழைய மண்ணில் தட்டுப்பாடு பொசுபரசு, ஏனென்றால் பாறையில் இருந்ததெல்லாம் கரைந்து முடிந்துவிட்டது. அந்தப் பழைய மண்ணில் காடு இன்னும் நிற்பதற்கு ஒரு காரணம், ஆசியாவின் பாலைநிலங்களிலிருந்து பசிபிக்கைக் கடந்து வரும் தூசி. அமேசனுக்கும் சகாராவின் தூசி இப்படித்தான் பொசுபரசு கொண்டுபோகிறது. ஆண்டுக்குச் சுமார் 22,000 தொன் என்று செய்மதித் தரவுகளிலிருந்து மதிப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவு மெல்லிய வரவில் ஒரு பெருங்காடு வாழ முடிகிறது என்றால் அதன் சிக்கனத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த வழியில் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க இருவரும் சிங்கராஜவில் பல பத்தாண்டுகள் உழைத்தவர்கள். 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக அங்கே மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டது, 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமைத் தலமானது. 1990களில் அங்கே 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் இலக்கமிட்டு வரைபடத்தில் குறித்தார்கள். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள். எந்த இனம் மேட்டில் நிற்கிறது, எது பள்ளத்தில் நிற்கிறது என்பது அதிலிருந்து தெரியவந்தது. நெருங்கிய உறவுள்ள எட்டு இன மரங்களின் நாற்றுகளுக்குப் போசணை சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது அவை ஒரே மாதிரிப் பதில் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் உறவுக்கார மரங்கள்கூட மண்ணை வேறுவேறு விதமாகப் பயன்படுத்துகின்றன.

அதே சிங்கராஜ எல்லையில் நட்டிருந்த பைன் மரங்களுக்கு இடையே சில வரிசைகளை வெட்டி வெளிச்சம் விட்டு, உள்ளூர் மழைக்காட்டு மரங்களை நட்டுப் பார்த்தார்கள். அவை வளர்ந்தன. இது சின்ன விஷயம் இல்லை. பைன் ஊசிச் சருகு மெதுவாகத்தான் உக்கும், மலைநாட்டில் பைன் காட்டுக்குள் நடந்தால் கால் வழுக்கும் அளவுக்குச் சேர்ந்து கிடக்கும், காய்ந்த மாதங்களில் தீப்பற்றும். அந்தப் பைன் நிலங்களை மெல்ல மெல்ல நாட்டு மரக் காடாக மாற்ற ஒரு வழி இருக்கிறது என்று காட்டிய ஆய்வு அது. இன்னும் எத்தனையோ சரிவுகளில் அதைச் செய்திருக்கலாம்.

இப்போது தேயிலைக்கு வருவோம். தேயிலைச் செடியிலிருந்து நாம் எடுப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும். செடியிலேயே நைதரசன் மிகக் கூடிய பகுதி அதுதான். காட்டு மரம் இலை பழுக்கும்வரை காத்திருந்து சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தோமே, கொழுந்து பறிக்கும்போது அந்த வாய்ப்பையே நாம் செடிக்குக் கொடுப்பதில்லை. தயாரித்த தேயிலை 100 கிலோவில் ஏறத்தாழ 4 கிலோ நைதரசன் இருக்கிறது. 2021இல் இலங்கை சுமார் 30 கோடி கிலோ தேயிலை உற்பத்தி செய்தது. பெருக்கிப் பார்த்தால் 12,000 தொன் நைதரசன். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் என்ற கணக்கில் 26,000 தொன் யூரியாவுக்குச் சமம். இதில் பெரும்பகுதி கொழும்புத் துறைமுகத்தால் கப்பலேறி வேறு நாடுகளுக்குப் போய்விடுகிறது, திரும்பி வராது. மழையோடு கழுவிப் போவதையும் மண்ணிலிருந்து காற்றுக்குப் போவதையும் இதில் சேர்க்கவே இல்லை.

அதை மக்கு உரத்தால் ஈடுசெய்வது என்றால்? நல்ல மக்கில் நைதரசன் 1 முதல் 2 சதவீதம். ஒரு தொன் தேயிலையோடு போகும் 40 கிலோ நைதரசனுக்கு 2 முதல் 4 தொன் மக்கு வேண்டும். அதுவும் அந்த நைதரசன் முழுவதும் அதே ஆண்டில் செடிக்குக் கிடைக்காது. செங்குத்தான மலைச்சரிவில் அந்த எடையைத் தலையில் சுமந்து ஏற்றப் போவது யார் என்று கேட்கவேண்டும். தோட்டத் தொழிலாளர்கள்தான், அதிலும் பெண்கள். கொழுந்து குறைந்தபோது நாளாந்தச் சம்பளத்துக்கான கிலோ எட்டாமல் தவித்ததும் அவர்கள்தான். 2022இல் தேயிலை உற்பத்தி சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் அந்த ஆண்டில் சேர்ந்துகொண்டன, எல்லாப் பழியையும் பசளை மீது போட முடியாது. ஆனாலும் தடையை விதித்தவர்கள் ஒரு தாளில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருந்தால் ஒரே இரவில் மாறச் சொல்லியிருக்க மாட்டார்கள். 2021 நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், அதற்குள் ஒரு போகம் போய்விட்டது.

அப்படியானால் நம் முன்னோர் பசளைப் பை இல்லாமல் எப்படி விவசாயம் செய்தார்கள் என்று உடனே கேட்பார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் குழை தாழ்த்தினார்கள், இரவில் மாட்டுப்பட்டி அடைத்தார்கள். குழை வேறொரு நிலத்தில் வளர்ந்தது. மாடு பகலில் தரவையில் மேய்ந்து இரவில் தோட்டத்தில் சாணம் போட்டது. பரந்த நிலத்தின் சத்தைச் சிறிய தோட்டத்துக்கு நகர்த்தும் ஏற்பாடு அது, அறிவார்ந்த ஏற்பாடு. சேனைப் பயிர்ச்செய்கையும் அப்படித்தான், ஆனால் இடத்துக்குப் பதிலாகக் காலத்திலிருந்து கடன் வாங்கினார்கள். காடு பல ஆண்டுகள் சேர்த்ததை எரித்து இரண்டு மூன்று போகத்தில் எடுத்துக்கொண்டு, பிறகு நிலத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சும்மா விட்டார்கள். சனத்தொகையும் நிலமும் இன்று அதற்கு இடம் தரவில்லை. பொசுபரசுக்கு எப்பாவலவில் பாறைப் படிவு இருக்கிறது, ஆனால் அது நீரில் எளிதில் கரையாது. தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு உதவும், நான்கு மாத நெல்லுக்கு அவ்வளவாக உதவாது.

கப்பலேறாமல் நாட்டுக்குள் இருப்பதில் பெரும்பங்கு எங்கே வந்து சேருகிறது? கொழும்புக்குத்தான். நுவரெலியாவின் கரட்டும் லீக்சும், தம்புள்ளையில் ஏலம் போகும் பூசணியும், யாழ்ப்பாணத்து வெங்காயமும் இரவிரவாக லொறிகளில் பேலியகொடை மெனிங் சந்தைக்கு வருகின்றன. ஒவ்வொரு லொறியிலும் ஏதோ ஒரு மண்ணின் பொசுபரசு இருக்கிறது. நகரம் அதை உண்டு முடித்தபின் கணக்கு மூன்று வழிகளில் பிரிகிறது.

குப்பையாகப் போவது ஒரு பங்கு. மீதொட்டமுல்லவில் அது மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று அந்த மலை சரிந்து 30க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்தக் குவியலில் பாதிக்கு மேல் உக்கக்கூடிய சமையலறை, சந்தைக் கழிவு. வயலுக்குத் திரும்பியிருக்க வேண்டியது வீடுகளின் மேல் விழுந்தது. அதன் பிறகு கொஞ்சம் புத்தளம் அருவக்காட்டுக்குப் போகிறது, கொஞ்சம் கெரவலப்பிட்டியவில் எரித்து மின்சாரமாகிறது. எரிப்பதில் நைதரசன் காற்றோடு போய்விடும், பொசுபரசு சாம்பலில் நிற்கும். கறுவாத்தோட்டத்து வீதிகளில் மாரா மரங்கள் உதிர்க்கும் இலையைக் கூட்டி ஓரமாக எரிப்பதிலும் இதே நட்டம்தான். மாரா மரம் பயறுக் குடும்பத்தது, காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்க வேரில் பற்றீரியா உள்ள மரம். இலவசமாகக் கிடைத்த நைதரசனை நாம் நெருப்பு வைத்து வந்த இடத்துக்கே அனுப்பிவிடுகிறோம். பூங்காக்களிலும் பாடசாலை வளவுகளிலும் ஒரு மூலையில் குவித்து உக்கவைத்தால் போதும், இதற்கு வெளிநாட்டுக் கடன் எதுவும் தேவையில்லை.

வடிகால்களில் போவது இன்னொரு பங்கு. பேர வாவியின் பச்சை நிறத்துக்குக் காரணம் இதுதான். நகரத்தின் போசணை அங்கே பாசியாகிறது. கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள் இந்தப் பாரத்தில் பெரும்பகுதியை மௌனமாகத் தாங்குகின்றன. சேற்றில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை மீண்டும் காற்றின் நைதரசனாக மாற்றி விடுகின்றன, பொசுபரசு சேற்றோடு படிகிறது. 2018இல், சதுப்புநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் அமைப்பு முதன்முதலாக அங்கீகரித்த சதுப்புநில நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பெருமையோடு நிற்காமல், மண் கொட்டி நிரப்பும் ஒவ்வொரு காணியோடும் இந்த வேலையைச் செய்யும் சேறும் மூடப்படுகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

மூன்றாவது பங்குதான் மிகப் பெரியது, பேசக் கூச்சப்படுவதும் அதுதான். மனிதர் ஒருவர் உண்ணும் நைதரசனில் ஏறத்தாழ முழுவதும் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுகிறது, ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 4 கிலோ. கொழும்பு மாநகர எல்லைக்குள் 2012 குடிசன மதிப்பீட்டின்படி 561,314 பேர். நான் போட்டுப் பார்த்த கணக்கில் இது ஆண்டுக்கு 1,700 முதல் 2,200 தொன் நைதரசன். 50 கிலோ யூரியாப் பைகளாக எண்ணினால் 70,000க்கும் ஒரு இலட்சத்துக்கும் இடையில். நூறாண்டுக்கு மேல் பழைய நிலக்கீழ்க் குழாய்கள் இதில் பெரும்பகுதியை வெள்ளவத்தை, முகத்துவாரம் வழியாக நீண்டகாலமாகக் கடலுக்குள் விட்டுவந்திருக்கின்றன.

இதை அப்படியே எடுத்து வயலில் போடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நோய்க்கிருமிகளை அழிக்கவேண்டும், பட்டறைகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வரும் உலோகக் கழிவு கலக்காமல் முதலிலேயே பிரிக்கவேண்டும். குப்பையில் செய்த மக்குக்கும் இது பொருந்தும், கண்ணாடித்துண்டும் பொலித்தீனும் கலந்த மக்கை ஒரு முறை வாங்கிய விவசாயி மறுமுறை வாங்கமாட்டார். பிரித்துச் சேர்ப்பது வீட்டில் தொடங்கவேண்டிய வேலை.

எங்கே அனுப்புவது என்பதையும் எடை தீர்மானிக்கிறது. 20 தொன் லொறி ஒன்று யூரியா ஏற்றினால் 9 தொன் நைதரசன் போகும். அதே லொறி மக்கு ஏற்றினால் 200 கிலோ, மிஞ்சினால் 400 கிலோ. அதைச் சுமந்துகொண்டு நுவரெலியா ஏறினால் டீசல் காசுக்கே கட்டாது. ஆகவே கொழும்பின் மக்கு போகவேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது: ஹோமாகம, கம்பஹா பக்கத்து வீட்டுத் தோட்டங்களும், அதற்கு அப்பால் குருநாகல் வரை நீளும் தென்னங்காணிகளும். தென்னைக்கு வேண்டியது பெரும்பாலும் பொற்றாசியம். பொச்சுமட்டையை மரத்தடியில் புதைக்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே உண்டு. மலைநாட்டுத் தேயிலைக்கு யூரியா தொடர்ந்து தேவைப்படும். அதன் அளவைக் குறைக்க வேண்டுமானால் வரிசைகளுக்கு இடையே நைதரசன் பிடிக்கும் நிழல்மரங்களை வளர்த்து, கவாத்து வெட்டிய கொப்புகளை விறகுக்குக் கொடுத்துவிடாமல் அதே மண்ணில் கிடக்கவிட வேண்டும். விறகுக்கு வேறு வழி செய்து கொடுக்காமல் லயத்துச் சனத்திடம் அதைக் கேட்கவும் முடியாது.